ட்ராகனுக்கு புது ட்ரெயிட் கீறுறது எப்பிடி: கோட்டை மானில இருந்து தொடங்குவம்

ஃபோனிலயும் கம்ப்யூட்டரிலயும் ட்ராகன் வளக்கிற பிள்ளையள் கனபேர் என்னட்ட கேக்கிறது ஒரே கேள்விதான், அக்கா புதுசா ஒரு ட்ரெயிட் கீறோணும், அதான் ட்ராகன்ர தோலில வாற, குட்டிக்கும் கடந்து போற புள்ளி வரி மாதிரிக் கோலம், எங்க தொடங்கிறது எண்டு. திருகோணமலையில இருக்கிற ஆளெண்டா என்ர பதில் எப்பவும் ஒண்டுதான், பின்னேரம் ஒருக்கா கோட்டைக்குள்ள போய் மான் பாருங்கோ. கோணேசர் கோயிலுக்கு ஏறுற பாதையில ரெண்டு பக்கமும் புள்ளிமான் நிக்கும், ஆக்களைப் பழகின மான் எண்டபடியா ஓடாது, கொஞ்சம் தள்ளி நிண்டு அமைதியா பாத்தா அரைமணித்தியாலத்துக்கு உங்களுக்கு மொடல் அதுதான். சாப்பாடு குடுக்காதேங்கோ, பொலித்தீன் பையோட கிட்ட போகாதேங்கோ, படம் மட்டும் எடுங்கோ.

ஆனா மானுக்கு முதல் ஒரு விசயம் விளங்கோணும், அது விளங்காட்டி எவ்வளவு வடிவா கீறினாலும் அது ட்ரெயிட் ஆகாது. ட்ரெயிட் எண்டது ஒரு படம் இல்ல, அது ஒரு விதி. ஃப்ளைட் ரைசிங் விளையாடின ஆக்களுக்கு இது டக்கெண்டு பிடிபடும். 2013ல வந்த ட்ராகன் வளக்கிற கேம் அது, அதில ஒவ்வொரு ட்ராகனுக்கும் மூண்டு ஜீன் இருக்கு, ஒண்டு உடம்புக்கு, ஒண்டு செட்டைக்கு, மூண்டாவது மேல வாற அலங்காரத்துக்கு. அதைவிட ஸ்கின் எண்டு ஒண்டும் இருக்கு, அதை விளையாடுற ஆக்களே கீறிக் குடுக்கலாம். ஸ்கின் ஒரு இனத்துக்கு, ஒரு நிலையில நிக்கிற ட்ராகனுக்கு மட்டும் சரிவரும், கலரும் நீங்க கீறினதுதான், மாறாது. நாங்க ட்ரெயிட் எண்டு சொல்லுறது ஜீன் மாதிரி, அது அப்பிடி இல்ல, ஒரே ஜீன் நீட்டு உடம்புக்காரனுக்கும் வரும் குட்டைக்காரனுக்கும் வரும், ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும், கலரை நீங்க இல்ல, வளக்கிற ஆள்தான் தீர்மானிப்பார். அங்க 177 கலர் இருக்கு, மூண்டு இடத்துக்கும் வேற வேற கலர் எண்டு பெருக்கிப் பாத்தா 55,45,233 விதம் வருது. இவ்வளவுக்கும் நிண்டு பிடிக்கிற ஒண்டைத்தான் நாங்க கீறப்போறம். அதால "இந்த இடத்தில ஒரு புள்ளி" எண்டு யோசிக்கிறது பிழை, "புள்ளி எங்க வரும், எங்க வராது, ஏன்" எண்டு யோசிக்கிறதுதான் வேலை.

இப்ப மானுக்கு வருவம். நான் முதல் முதல் புள்ளிமான் ட்ரெயிட் கீறேக்க உடம்பு முழுக்க ஒரே அளவுப் புள்ளியை ஒரே இடைவெளியில தூவி விட்டன், பாத்தா சீத்தைத் துணி சுத்தின பல்லி மாதிரி இருந்தது, உயிர் இல்ல. ஏனெண்டு தெரியாமல் ரெண்டு கிழமை கலரை மாத்தி மாத்திப் பாத்தன். பிறகு கோட்டைக்குப் போய் ஒரு மானை சரியா உத்துப் பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சது, மான்ர முதுகு நடுவில கறுப்பா ஒரு கோடு ஓடுது, அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளியள் வரிசையா நிக்குது, சும்மா தூவினது இல்ல. விலாவுக்கு வரேக்க வரிசை குலைஞ்சு தாராளமாப் பரவுது, வயித்துக்குக் கிட்ட வரேக்க திரும்பவும் புள்ளியள் ஒண்டோட ஒண்டு சேர்ந்து நீட்டுக் கோடு மாதிரி ஆகுது. முகத்தில புள்ளி இல்ல, முழங்காலுக்குக் கீழ புள்ளி இல்ல. தொண்டை, வயிறு, காலின்ர உள்பக்கம் வெள்ளை. இதைப் பாத்து எழுதி வைச்ச நாலு வரிதான் என்ர ட்ரெயிட், மிச்சம் எல்லாம் கீறுற வேலை.

நீங்களும் அப்பிடித்தான் செய்யோணும், கீற முதல் ஒரு கொப்பியில நாலைஞ்சு வரி எழுதுங்கோ. முதுகில என்ன நடக்குது, விலாவில என்ன, வயித்தில என்ன, வாலில என்ன, முகத்தில என்ன. எழுத ஏலாட்டி உங்களுக்கே அந்த ட்ரெயிட் இன்னும் விளங்கேல்ல எண்டுதான் அர்த்தம்.

வால் தனியாக் கதைக்க வேண்டிய இடம், ஏனெண்டா கனபேர் பிழை விடுறது அங்கதான். 1952ல ஆலன் டூரிங், கம்ப்யூட்டருக்கு அத்திவாரம் போட்ட அதே டூரிங்தான், உடம்புக்குள்ள ரெண்டு ரசாயனம் வேற வேற வேகத்தில பரவி, ஒண்டு தூண்ட மற்றது தடுக்க, அதிலயிருந்தே புள்ளியும் வரியும் தானா உருவாகலாம் எண்டு கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். பிறகு ஜேம்ஸ் மரே எண்ட கணித ஆய்வாளர் அந்தக் கணக்கை மிருகங்கள்ர தோலுக்குப் பொருத்திப் பாத்தார். அவர் சொன்னது எங்களுக்கு நேராவே உதவும்: அகலமான இடத்தில புள்ளி நிக்கும், ஒடுங்கின இடத்தில புள்ளிக்கு இடம் காணாமல் அது சுத்தி வந்து வளையமா மாறும். அதால புள்ளி உடம்புக்கு வளைய வால் வரலாம், வரி உடம்புக்குப் புள்ளி வால் வாறது கஸ்டம். ஆப்பிரிக்காச் சீட்டாவைப் பாருங்கோ, உடம்பு முழுக்கப் புள்ளி, வால் நுனிக்குக் கிட்ட வளையம். ட்ராகன்ர வால் நீட்டு, மெல்லிசு, அப்ப நீங்க புள்ளி ட்ரெயிட் கீறினா வால் அரைவாசிக்கு மேல புள்ளியை நீட்டத் தொடங்குங்கோ, நுனிக்குக் கிட்ட ரெண்டு மூண்டு வளையமா முடியுங்கோ. பாக்கிற ஆளுக்கு டூரிங்கும் தெரியாது மரேயும் தெரியாது, ஆனா கண்ணுக்கு அது சரியெண்டு தெரியும், ஏனெண்டா பூனையிலயும் அணிலிலயும் வாழ்க்கை முழுக்கப் பாத்து வளந்த கண் அது. இதே விதி கழுத்துக்கும் பொருந்தும், விரலுக்கும் பொருந்தும்.

வெள்ளைப் படை வைக்க ஆசைப்படுற ஆக்களுக்கும் ஒரு விசயம். உடம்பு உருவாகேக்க நிறம் குடுக்கிற கலங்கள் முள்ளந்தண்டுப் பக்கத்திலதான் தொடங்குது, அங்கயிருந்து கீழ கீழ பரவுது. எல்லா இடத்துக்கும் வந்து சேராட்டி ஆகத் தூரமான இடம் வெள்ளையா நிண்டுபோகும். அதாலதான் தெருப் பூனைக்கு பாதம் வெள்ளை, வயிறு வெள்ளை, மாட்டுக்கு நெத்தி வெள்ளை, நாய்க்கு வால் நுனி வெள்ளை. ட்ராகனுக்கு வெள்ளை வைக்கிறதெண்டா பாதத்தில, வயித்தில, மூக்கு நுனியில, செட்டை நுனியில இருந்து தொடங்கி மேல ஏறுங்கோ. முதுகு நடுவில மட்டும் ஒரு வெள்ளைத் திட்டை வைச்சா பெயின்ற் கொட்டினது மாதிரித்தான் தெரியும், நான் கனக்க அப்பிடிப் பாத்திட்டன்.

செட்டைதான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம், ஆகக் கஸ்டமான இடமும் அதுதான், ஏனெண்டா மானுக்கு செட்டை இல்ல. அப்ப என்ன செய்யிறது? ஒரு பலூனை கொஞ்சமா ஊதி, மார்க்கர் பேனையால புள்ளி வைச்சு, பிறகு முழுசா ஊதுங்கோ. புள்ளி பெருக்கும், வெளிறும், ஓரம் மங்கும், பலூன்ர வாய்ப்பக்கம் மட்டும் சின்னதா கறுப்பா இருக்கும். செட்டைத் தோலும் அதேதான், வௌவாலின்ர மாதிரி நீட்டு விரலுகளுக்கு நடுவில இழுபட்ட தோல். தோள்மூட்டுக்குக் கிட்ட புள்ளி சின்னதா அடர்த்தியா, வெளிய போகப்போக பெருசா வெளிறலா, விரல் எலும்பு ஓடுற திசையில கொஞ்சம் நீண்டு. எலும்புக்கு மேல புள்ளி ஏறி மற்றப்பக்கம் போகக்கூடாது, எலும்பில முட்டி நிக்கோணும் இல்லாட்டி எலும்போட சேர்ந்து ஓடோணும். உடம்பில இருந்த அதே புள்ளியை கொப்பி பண்ணி செட்டையில போடாதேங்கோ, ஃப்ளைட் ரைசிங்கிலயே உடம்புக்கு டைகர் எண்டும் அதோட சோடியா செட்டைக்கு ஸ்ட்ரைப்ஸ் எண்டும் வேற பேரிலதான் வைச்சிருக்கினம், ரெண்டும் சொந்தக்காரர், ஆனா இரட்டைப்பிள்ளையள் இல்ல.

மான் மட்டுந்தானா எண்டு கேக்காதேங்கோ, எங்கட ஊரில ட்ரெயிட்டுக்குப் பஞ்சமே இல்ல. புல்மோட்டைக் கடற்கரைக்குப் போனா வெள்ளை மணலுக்கு மேல கறுப்பு மணல் கோடு கோடாப் படிஞ்சிருக்கும், அது இல்மனைட், பாரமான கனியம். அலை வந்து திரும்பேக்க லேசான மணலை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது பின்னுக்கு நிண்டுடும். அந்த ஒரு வசனத்திலயே விதி இருக்கு, எது ஓடும், எது தங்கும். ட்ராகன்ர உடம்பில தலையில இருந்து வாலுக்கு ஒரு அலை ஓடுது எண்டு நினைச்சுக்கொண்டு, அது தடைப்படுற இடமெல்லாம், செதிலுக்குப் பின்னால, முழங்கை மடிப்பில, செட்டை தொடங்கிற இடத்தில, கறுப்புத் துகளைப் படிய விடுங்கோ. நடுவில வெறுமையா விடுங்கோ. என்ர மச்சாள் ஒருத்திக்கு இதை இப்பிடிச் சொல்லிக் குடுத்தன், அவ ஒரே இரவில கீறி அனுப்பினது நான் கீறினதைவிட வடிவு, இப்ப எங்கட குட்டிக் கூட்டத்தில அவட "புல்மோட்டை"தான் எல்லாரும் கேக்கிற ட்ரெயிட்.

கன்னியாவும் அப்பிடித்தான். ஏழு வெந்நீர்க் கிணறு, பக்கத்துப் பக்கத்தில இருந்தும் ஒவ்வொண்டிலயும் சூடு வித்தியாசம். அதைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு சியாமிஸ் பூனை ஞாபகம் வந்தது. அந்தப் பூனைக்கு நிறம் உண்டாக்கிற நொதியம் குளிரான இடத்தில மட்டுந்தான் ஒழுங்கா வேலை செய்யும், அதாலதான் உடம்பு வெளிறல், காது, முகம், பாதம், வால் மட்டும் கறுப்பு. இப்ப நெருப்புக் கக்கிற ட்ராகனுக்கு எங்க சூடு? தொண்டையும் நெஞ்சும். அப்ப தொண்டை நெஞ்செல்லாம் வெளிறி, செட்டை நுனியும் வால் நுனியும் நகமும் கடுமையாக் கறுக்கோணும். பூனையில முகம் கறுப்பு, ட்ராகனில முகத்தில வாயைச் சுத்தி வெளிறி கொம்பு மட்டும் கறுப்பு. அதே ட்ரெயிட்டைப் பனி ட்ராகனுக்குக் குடுத்தா திருப்பிப் போடலாம், தொண்டை கறுக்கும். ஒரு விதி, ரெண்டு முகம். ஒரு ட்ரெயிட் நல்லதோ இல்லையோ எண்டு நான் பாக்கிறது இதைத்தான், வேற ட்ராகனுக்குக் குடுத்தா அதுவா வேற மாதிரி மாறுதோ எண்டு.

ஒண்டு மட்டும் நான் செய்யமாட்டன். கோயில் மணி, திரிசூலம், திருநீற்றுப் பட்டை இதுகளை ட்ரெயிட்டாக் கேட்டு வந்திருக்கினம், இல்லையெண்டுதான் சொன்னன். ஒருத்தர் கும்பிடுறதை இன்னொருத்தர் விளையாட்டில பண்டமாற்று செய்யிற சாமானா ஆக்கிறது எனக்கு மனம் ஒப்பேல்ல. கோணேசர் மலையடியில கடல் அடிச்சு அடிச்சு கல்லில விழுந்த வெடிப்பை எடுங்கோ, அது எல்லாருக்கும் பொது.

இனி கீறுற வேலை. படம் கீறுற செயலி ஒண்டு வேணும், ஃபோனெண்டா ஐபிஸ்பெயின்ற், கம்ப்யூட்டரெண்டா க்ரீட்டா, க்ரீட்டாவை அவையின்ர சொந்தத் தளத்தில இலவசமா எடுக்கலாம், எனக்கு அதுதான் கை பழகினது. கன்வஸை பெருசா எடுங்கோ, ஒரு பக்கம் 2000 பிக்சல் காணும். லேயர் எண்டா ஒண்டுக்கு மேல ஒண்டா வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரி, அந்த அடுக்கு கீழயிருந்து மேல இப்பிடி வரும்: அடிக்கலர், அதுக்கு மேல ட்ரெயிட், அதுக்கு மேல நிழல், கீழ இருக்கிறதை இருட்டாக்கிற மல்டிப்ளை மோடில, பிறகு வெளிச்சம், கீழ இருக்கிறதை வெளிச்சமாக்கிற ஸ்க்ரீன் மோடில, ஆக மேல கோட்டு லேயர். ட்ரெயிட் உடம்புக்கு வெளிய வழியாமல் இருக்க ஐபிஸில க்ளிப்பிங்கை ஓன் பண்ணினா சரி. க்ரீட்டாவில இன்ஹெரிட் ஆல்பா, ஆனா அடிக்கலரையும் ட்ரெயிட்டையும் ஒரு குரூப்புக்குள்ள போட்டிட்டுத்தான் அதை அமத்தோணும், இல்லாட்டி பின்னணி லேயரையும் சேத்துக் கணக்கெடுத்து க்ளிப் ஆகாத மாதிரித் தெரியும், எத்தினையோ பேர் இதில மாட்டுப்பட்டு க்ரீட்டாவையே விட்டிட்டுப் போனவை.

ட்ரெயிட் லேயரைக் கலரில கீறாதேங்கோ, சாம்பலில கீறுங்கோ. மூண்டே மூண்டு தரம் காணும், கடும் சாம்பல், நடுச் சாம்பல், மெல்லிய சாம்பல். பிறகு க்ரேடியன்ட் மேப் எண்ட ஃபில்டரால அந்த மூண்டுக்கும் எந்தக் கலரையும் மாத்தி மாத்திக் குடுக்கலாம், ஒருக்காக் கீறினா நூறு ட்ராகனுக்குக் காணும். இதில முக்கியமானது, ட்ரெயிட் லேயருக்குள்ள நிழல் போடக்கூடாது. வயித்துப்பக்கம் இருட்டுத்தானே எண்டு அங்க இருக்கிற புள்ளியைக் கடுமையாக் கீறினீங்களெண்டா, மேல இருக்கிற நிழல் லேயரும் சேர்ந்து ரெண்டு மடங்கு இருண்டு அந்த இடம் சேறாப்போகும். வெளிச்சம் நிழல் எல்லாம் மேல் லேயர்ர வேலை, உங்கட லேயர் தோல்ர நிறத்தை மட்டும் சொல்லோணும். அதேமாதிரி ட்ரெயிட் லேயரை மல்டிப்ளையில வைக்காதேங்கோ, வெள்ளை ட்ராகனில நல்லா இருக்கும், கறுப்பு ட்ராகனில ஒண்டுமே தெரியாது. நோர்மல் மோடில அதுக்கெண்டு சொந்தக் கலரோட நிக்கட்டும்.

கீறி முடிஞ்சா சோதினை. நான் ஆறு கலர் வைச்சிருக்கிறன்: கிட்டத்தட்டக் கறுப்பு, கிட்டத்தட்ட வெள்ளை, வெளிர் மஞ்சள், கடும் சிவப்பு, நடுச் சாம்பல், கடல் நீலம். அடிக்கலருக்கும் ட்ரெயிட்டுக்கும் இந்த ஆறையும் மாறி மாறிப் போட்டா 36 ட்ராகன் வரும், அதில ஆறில ரெண்டும் ஒரே கலர். அந்த ஆறிலதான் உண்மை வெளிக்கும். அடிக்கலரும் ட்ரெயிட்டும் ஒரே கலரெண்டா ட்ரெயிட் காணாமலே போகுதோ? கிண்ணியாவில இருக்கிற தோழி ஒருத்திக்கு பச்சைக்கு மேல பச்சைதான் எப்பவும் பிடிக்கும், அவட ட்ராகனில என்ர மான் புள்ளி அப்பிடியே மறைஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு மெல்லிய ஓரம், ஒரு தரம் கடுமையா, வைக்கப் பழகினன். இப்ப அவட பச்சையில புள்ளி தண்ணிக்குள்ள இருந்து தெரியிற மாதிரி வருது, எல்லாக் கலரிலயும் எனக்கு அதுதான் ஆக வடிவு.

பிறகு சின்னனாக்கிப் பாருங்கோ. நீங்க 2000 பிக்சலில ஒவ்வொரு செதிலாக் கீறினாலும் ஃப்ளைட் ரைசிங் மாதிரிக் கேமில அது 350 பிக்சல் அளவிலதான் வரும், லிஸ்டில பாக்கேக்க பெருவிரல் நகமளவு. அந்த அளவில புள்ளி புள்ளியாத் தெரியோணும், தூசி மாதிரித் தெரிஞ்சா எண்ணிக்கையைக் குறைச்சு அளவைக் கூட்டுங்கோ. நான் ஃபோனைக் கொண்டு டச்பே கடற்கரையில பின்னேர வெயிலுக்குள்ள நிண்டும் பாப்பன், அறைக்குள்ள வடிவாத் தெரியிற மெல்லிய வேலை எல்லாம் அங்க அழிஞ்சுபோகும், மிஞ்சி நிக்கிறது எதுவோ அதுதான் உங்கட ட்ரெயிட்டின்ர எலும்பு.

குட்டி ட்ராகனை மறக்காதேங்கோ. பெரிய ட்ராகன்ர படத்தைச் சுருக்கிக் குட்டிக்குப் போடுறது பாவம், அவ்வளவு நல்ல சந்தர்ப்பம் அது. புள்ளிமான் குட்டி பிறக்கேக்கயே புள்ளியோட பிறக்கும், சாகும்வரைக்கும் அந்தப் புள்ளி இருக்கும். காட்டுப்பன்றிக் குட்டிக்கு நீட்டுக் கோடு இருக்கும், வளந்தா போயிடும். ஸீப்ரா ஷார்க் எண்டு ஒரு சுறா, குட்டியில வரிவரியா இருந்து வளரேக்க புள்ளியா மாறும். இந்த மூண்டில உங்கட ட்ரெயிட் எது எண்டு முதலே முடிவெடுத்துக் கொப்பியில எழுதுங்கோ. வளக்கிற ஆள் முட்டை பொரிச்ச நாளில ஒண்டைப் பாத்து, வளந்தாப் பிறகு வேறொண்டைப் பாக்கிறதெண்டா அது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய சந்தோசம்.

பரம்பரையா எப்பிடி வரும் எண்டதைச் சுருக்கமாச் சொல்லுறன். மறைஞ்சு நிக்கிற ட்ரெயிட்டா வைச்சா, தாயும் தகப்பனும் வெளியில காட்டாமல் அதை ஒவ்வொரு பங்கு வைச்சிருந்தா நாலு குட்டியில ஒண்டுக்கு வாறதுக்குத்தான் வாய்ப்பு, மெண்டலின்ர பட்டாணிக் கணக்கு. அப்பிடி எதை மறைச்சு வைக்கிறது எண்டதில எனக்கொரு அபிப்பிராயம் இருக்கு. கீறக் கஸ்டப்பட்டனான் எண்டதுக்காக அதை அரிதாக்காதேங்கோ. ஆகச் சாதாரண ட்ரெயிட்தான் ஆகக் கனபேரின்ர ட்ராகனில இருக்கும், புதுசா வந்த சின்னப்பிள்ளைக்கு முதல் கிடைக்கிறதும் அதுதான், அதுக்குத்தான் உங்கட ஆக நல்ல வேலையைக் குடுக்கோணும். என்ர புள்ளிமான் சாதாரண ட்ரெயிட்டாத்தான் இருக்கு, எத்தினை பேர் கேட்டும் நான் மாத்தேல்ல.

பேர் வைக்கேக்க சின்னதா, சொன்ன உடன கண்ணில படுற மாதிரி வையுங்கோ, சோடிக்குச் சோடி பொருந்தோணும், உடம்புக்கு "புல்மோட்டை" எண்டா செட்டைக்கு "அலைக்கோடு". ட்ரெயிட் லேயரைத் தனியா, பின்னணி இல்லாமல் பிஎன்ஜியா எடுத்து, பெரியதுக்கு ஒண்டு குட்டிக்கு ஒண்டு, கொப்பியில எழுதின அந்த நாலு வரியையும் சேத்து அனுப்புங்கோ, அப்பதான் உங்கட ட்ரெயிட்டை வேற இன ட்ராகனுக்குக் கீறுற ஆள் உங்களை எழுப்பிக் கேக்காமல் வேலையை முடிக்கலாம்.

நான் நாளைக்கு விடிய மீன் சந்தைக்குப் போறன், புள்ளித் திருக்கை வந்திருந்தா முதுகும் வாலும் தனித்தனியாப் படம் எடுக்கோணும். அதுக்கு உடம்பே செட்டைதான், அந்தப் புள்ளி ஓரத்தில நீளுதோ இல்லையோ எண்டு பாத்தாத்தான் அடுத்ததைத் தொடங்கலாம்.